மூன்று மணி வரை விழித்திருக்கும் தம்பி

கேள்வி, சேலத்திலிருந்து ஓர் அக்கா அனுப்பியது. சுருக்கிச் சொல்கிறேன். தம்பிக்கு 19 வயது. பொறியியல் இரண்டாம் ஆண்டு, வீட்டிலிருந்து கல்லூரி பஸ்ஸில் போய் வருகிறான். ஐந்து மாதமாக விடியற்காலை 3, 4 மணிக்குத்தான் கண் அயர்கிறான், மதியம் எழுகிறான். வகுப்புக்குப் போவது பாதியாகிவிட்டது. பஸ்ஸில் பின் சீட்டுப் பையன்கள் தன்னைப் பற்றித்தான் பேசிச் சிரிக்கிறார்கள் என்கிறான். ராத்திரியில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலக் கேட்டதாக இரண்டு முறை சொல்லியிருக்கிறான். இவர்களுடைய சித்தப்பா பல வருடம் மனச்சிதைவு நோயோடு இருந்து இறந்தவர். போனைப் பிடுங்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அப்பாவின் கட்சி. ஏற்காட்டில் மாமா வீட்டில் ஒரு மாதம் விடலாம் என்பது அம்மாவின் யோசனை. அக்கா கேட்பது: தூக்க மாத்திரை கொடுக்கலாமா? ஏற்காட்டுக்கு அனுப்பலாமா? சித்தப்பா மாதிரி ஆகிவிடுவானா?

நான் மருந்து எழுதுகிறவன் இல்லை. மனநல சமூகப் பணியாளர். மருந்து எழுதுவதற்கு முன்னும் பின்னும் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிற ஆள். சேலத்தில் இந்த வேலையில் 18 வருடம் ஓடிவிட்டது. கீழே வரும் பிள்ளைகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்க விடாமல் செய்கிறது என்று தெரிகிறது. அதையே முதலில் எடுத்துக்கொள்வோம். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா; இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் எல்லாம் இதில் வரும்) பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வரக்கூடிய நோய். தாய் அல்லது தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100-க்கு 10-ஐ ஒட்டி இருக்கும். பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று ஒரு படி தள்ளிப் போனால் 3, 4 ஆகக் குறைந்துவிடும். ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால்கூட மற்றவருக்கு வருவது ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான். ஆகவே சித்தப்பாவைக் காட்டி மட்டும் யாரும் உங்கள் தம்பிக்கு ஜாதகம் கணிக்க முடியாது. நம் வீடுகளில் இது பெண் பார்க்கும் நேரத்தில் மறைக்கப்படுகிற விஷயம். மறைத்து மறைத்தே அதற்கு ஒரு பூத உருவம் வந்துவிட்டது.

அப்படியானால் விட்டுவிடலாமா என்றால், கூடாது. ஐந்து மாதமாக மாறியிருக்கிறான், படிப்பு சரிகிறது, சந்தேகம் எட்டிப் பார்க்கிறது. மூன்றும் சேர்ந்து வந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1990-களில் பேட்ரிக் மெக்கோரி, ஆலிசன் யுங் போன்ற மருத்துவர்கள் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே தனி கிளினிக் வைத்தார்கள். நோய் என்று பெயர் வைக்கிற அளவுக்கு இன்னும் போகவில்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்கிற வரப்பில் நிற்பவர்கள். ‘அதிக ஆபத்து நிலை’ என்று அதைச் சொல்கிறார்கள். அந்த வரப்பில் நிற்பவர்களிலும் சுமார் நான்கில் ஒருவர்தான் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் முழு நோய்க்குள் போகிறார். மற்றவர்களில் சிலருக்குப் பதற்றமோ மனச்சோர்வோ தொடரும். பலர் மெல்ல மீண்டுவிடுகிறார்கள். வரப்பில் நிற்கும் இந்தப் பிள்ளைகளிடம் என்ன கஷ்டம் என்று கேட்டால் அடிக்கடி வருகிற புகார் தூக்கம்.

இப்போது அப்பாவின் கட்சிக்கு வருவோம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அவர் நினைக்கிற அளவு இல்லை. நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. இருட்டியதும் அது மெலடோனின் என்ற சுரப்பை விடச் சொல்லும்; தூக்கம் கதவைத் தட்டும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இது சீக்கிரமே நடக்கும். பருவம் வந்தபின் கடிகாரம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். எந்த வயதில் அது மிக அதிகமாகத் தள்ளி நிற்கும் தெரியுமா? ஆண்களுக்கு 20 வயதை ஒட்டி. அதன் பிறகு மெல்லத் திரும்பிவரும். உங்கள் அப்பா 4.30-க்கு எழுந்து வாசலில் தண்ணீர் தெளிக்கும் ஓசையில் ‘இந்த வயதில் நான்...’ என்று ஆரம்பிப்பார் இல்லையா, அவர் கடிகாரமும் உங்கள் தம்பி கடிகாரமும் வேறு வேறு நேரம் காட்டுகின்றன. போன் வெளிச்சமும் ரீல்ஸும் தள்ளிப் போன கடிகாரத்தை இன்னும் ஒரு தள்ளு தள்ளும். பன்னிரண்டரை, ஒரு மணி என்றால் வயதின் மேல் பழி போட்டுவிட்டு நான் பேசாமல் இருப்பேன். நான்கு மணி, அதோடு பஸ்ஸில் சிரிப்பு என்றால் வயது மட்டும் காரணமில்லை.

கொடுமை என்னவென்றால், வாழ்நாளில் வருகிற மனநோய்களில் நான்கில் மூன்று பங்கு 24 வயதுக்குள் தலைகாட்டிவிடுகிறது. கடிகாரம் தள்ளிப் போகிற வயதும் அதேதான். அந்த வயதில்தான் நம் ஊரில் பிள்ளைகளை விடுதியில் போட்டு, ராத்திரி 11 மணி வரை படிக்க வைத்து, காலை 5 மணிக்கு மணி அடித்து எழுப்புகிறோம். பன்னிரண்டாவது முடித்து வருகிற பிள்ளைகளிடம் ‘கடைசியாக எப்போது எட்டு மணி நேரம் தூங்கினாய்?’ என்று கேட்டால் யோசிக்கிறார்கள். ஒரு பையன், ‘அம்மை போட்டப்போ சார்’ என்றான்.

பழைய பாடம் ஒன்று எங்களுக்குள்ளும் இருந்தது. தூக்கம் கெடுவது நோயின் புகை, நெருப்பை அணைத்தால் புகை போய்விடும் என்போம். நானும் பல குடும்பங்களிடம் ‘தூக்கத்தை விடுங்க, அது தானா சரியாகும்’ என்று சொல்லியிருக்கிறேன். தப்பு. புகை என்று நினைத்தது நெருப்புக்கு விறகாகவும் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் டேனியல் ஃப்ரீமன் என்பவரின் குழு 2017-இல் ஒரு பெரிய சோதனையை வெளியிட்டது. பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களில் தூக்கமில்லாமல் தவித்த 3,755 மாணவர்கள். பாதிப் பேருக்கு இணையம் வழியாகத் தூக்கப் பயிற்சி கொடுத்தார்கள். மாத்திரை கிடையாது, சந்தேகத்தைப் பற்றியோ குரலைப் பற்றியோ ஒரு பேச்சும் கிடையாது. தூக்கம் தேறியது. கூடவே ‘என்னை யாரோ கவனிக்கிறார்கள்’ என்கிற எண்ணமும், இல்லாததைக் கேட்பது, பார்ப்பது போன்ற அனுபவங்களும் குறைந்தன. மாற்றம் மலையளவு இல்லை. ஆனால் தூக்கத்தைத் தொட்டால் சந்தேகமும் அசைகிறது என்று காட்டியதே பெரிது. பிறகு அதே குழுவினர் அதிக ஆபத்து நிலையில் இருந்த 14 முதல் 25 வயது வரையிலான 40 பேரோடு, நேரில் உட்கார்ந்து தூக்கத்தைச் சரிசெய்து பார்த்தார்கள். அது சின்ன சோதனை. ‘வர மாட்டார்கள், பாதியில் போய்விடுவார்கள்’ என்று எல்லோரும் நினைக்கிற அந்த வயதுப் பிள்ளைகள் ஒழுங்காக வந்தார்கள் என்பதுதான் எனக்கு அதில் பிடித்த செய்தி. ‘உனக்கு மனநோய் வரலாம், வா’ என்றால் எந்தப் பிள்ளை வரும்? ‘தூக்கம் வரலையா, வா’ என்றால் வருகிறது.

பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரலை என்ன செய்வது? தம்பியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். அது எப்போது கேட்டது? படுத்து, கண் செருகும் நேரத்திலா? விழிப்புத் தட்டும் நேரத்திலா? இல்லை, உட்கார்ந்து சாப்பிடும்போது, பஸ்ஸில் போகும்போது, நன்றாக விழித்திருக்கும்போதா? தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல், கதவு தட்டும் சத்தம், யாரோ கட்டில் ஓரத்தில் நிற்பது போன்ற தோற்றம் எல்லாம் எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் வரும். ‘அமுக்குவான் பேய்’ என்று நம் பாட்டிமார்கள் சொல்வதும் அந்த இடைவெளியில் நடப்பதுதான்: மூளை விழித்துவிடும், உடம்பு இன்னும் கனவுத் தூக்கத்தில் கட்டுண்டு கிடக்கும், கை அசையாது, நெஞ்சில் பாரம், வாய் திறக்காது. தூக்கம் குறையக் குறைய இதெல்லாம் அதிகமாகும். எனக்கே வந்திருக்கிறது, பிரசவ வார்டுக்கு வெளியே இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தபோது. பட்டப்பகலில், தெளிவாக விழித்திருக்கும்போது, அதுவும் பேச்சாக, திட்டாக, கட்டளையாகக் கேட்டால்தான் கணக்கு வேறு.

அடுத்தது, தூக்கம் வரவில்லை என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதை நாம் நம்பக்கூடாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அம்மாபேட்டைப் பக்கம் ஒரு தறிக்காரர் வீட்டுப் பையன். 17 வயது. விடிய விடிய முழித்திருக்கிறான், யாரோ வருகிறார்கள் என்கிறான் என்று கூட்டி வந்தார்கள். மந்திரித்த கயிறு கையில் இருந்தது. இரண்டு வாரம் தினமும் எழுதிக்கொண்டு வா என்றேன். அப்பா சேலை எண்ணிக்கை எழுதுகிற நீளமான கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தான். படுத்தது 11. விழிப்பு. விழிப்பு. கண் மூடியது 4.10. ஓரத்தில் நான் கேட்காத இன்னொரு கட்டமும் போட்டிருந்தான்: ‘தறி நின்றது 1.20’, ‘தறி நின்றது 12.50’, ‘கரன்ட் இல்லை, தறி இல்லை’.

விரலை அந்தக் கட்டத்தில் வைத்து, இது எதற்கு என்று கேட்டேன். பிறந்ததிலிருந்து விசைத்தறிச் சத்தத்தில் தூங்கியவன். தறி ஓடும் வரை அவனுக்குப் பயமில்லை. தறி நின்றதும் வீடு அமைதியாகும். அப்போது சந்தில் நாய் நகர்வது, பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவது, எல்லாம் காலடிச் சத்தமாகக் கேட்கும். கதவுப் பக்கமாகத் தலைவைத்துப் படுத்திருந்தான். எழுந்து தாழ்ப்பாளைப் பார்ப்பான், மறுபடி படுப்பான், மறுபடி பார்ப்பான். ஐந்தாறு தடவை. நான்கு மணிக்குப் பால்காரர் சைக்கிள் வந்தால் ஊர் எழுந்துவிட்டது என்கிற தைரியத்தில் கண்ணை மூடுவான். அவன் தூக்கம் வராதவன் இல்லை. வீட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மாத்திரை கொடுத்து அடித்துப் போட்டிருந்தால் காவலுக்கு ஆள் இல்லையே என்ற பயம்தான் கூடியிருக்கும்.

செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. படுக்கையைக் கதவிலிருந்து உள்சுவருக்கு மாற்றினோம். தறி நிற்கும் நேரத்துக்கு ஒரு பழைய டேபிள் ஃபேன், அந்த ‘கடகட’ சத்தத்துக்காகவே. 11 மணிக்கு அப்பாவும் அவனும் சேர்ந்து ஒரே ஒரு தடவை தாழ்ப்பாள் பார்ப்பது, அதோடு சரி. காலை 7 மணிக்கு, எப்போது தூங்கியிருந்தாலும், எழுந்து பாவு போடுகிற இடத்துக்கு வந்துவிட வேண்டும். மனநல மருத்துவரும் தொடர்ந்து பார்த்தார். ஆறு வாரத்தில் ஒன்றரை மணிக்குள் தூங்க ஆரம்பித்தான். பயம் முழுதாகப் போகவில்லை, ஆனால் பகலில் அதைப் பற்றிப் பேச முடிந்தது. பகலில் பேச முடிகிற பயம் பாதிப் பயம்தான்.

ஆகவே உங்கள் தம்பி அந்த மூன்று மணி வரை என்ன செய்கிறான் என்று கண்டுபிடியுங்கள். வேவு பார்க்காதீர்கள், கேளுங்கள். படுத்தால் கனவு வருகிறது என்று படுக்காமல் இருக்கிற பிள்ளைகள் உண்டு. பகல் முழுக்க அறையில் கிடப்பதால் ராத்திரி தூங்குவதற்குக் களைப்பே சேராத பிள்ளைகள் உண்டு. விழித்திருந்து சேர்த்துவைத்த களைப்பு ஒரு பக்கம், உள்கடிகாரம் ஒரு பக்கம். இரண்டும் ஒத்துப் போனால்தான் தூக்கம். மதியம் ஒரு மணிக்கு எழுந்தவனுக்கு ராத்திரி 11 மணிக்குக் களைப்பு எங்கிருந்து வரும்?

ஒரே ஒரு வகையை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை செய்த ஒரு பையன், தீபாவளி ஆர்டருக்காக மூன்று ராத்திரி சேர்ந்தாற்போல் உட்கார்ந்து பற்றவைத்தான். தீபாவளி முடிந்தது, வேலை முடிந்தது, அவன் மட்டும் நிற்கவில்லை. இரண்டு மணி நேரத் தூக்கம், ஆனால் களைப்பே இல்லை. பேச்சு அருவி மாதிரி. கடன் வாங்கி பைக்குக்கு அட்வான்ஸ் கொடுத்தான், பட்டறையையே வாங்கப் போகிறேன் என்றான். வீட்டில் முதலில் சந்தோஷப்பட்டார்கள், பையன் சுறுசுறுப்பாகிவிட்டான் என்று. தூக்கம் வேண்டும் ஆனால் வரவில்லை என்பது ஒன்று. தூக்கமே தேவைப்படவில்லை என்பது முற்றிலும் வேறு. இரண்டாவது, மனஎழுச்சி நோயின் வாசல். அங்கே வீட்டு வைத்தியம், தூக்கப் பயிற்சி எதுவும் வேண்டாம், அன்றைக்கே மருத்துவர். தூக்க நேரத்தை வேண்டுமென்றே குறைத்துச் செய்கிற ஒரு பயிற்சி முறை உண்டு. சாதாரணத் தூக்கமின்மைக்கு நல்ல பலன் தரும். இவர்களுக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய். இணையத்தில் பார்த்து அதை நீங்களாகச் செய்யாதீர்கள்.

உங்கள் தம்பியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இந்த வகை போலத் தெரியவில்லை. அவனுக்கு என்ன செய்யலாம்?

தூங்கும் நேரத்தை யாராலும் கட்டளையிட முடியாது. எழும் நேரத்தை முடியும். எல்லாம் அங்கிருந்துதான். ஆனால் நாளைக்கே ஆறு மணிக்கு எழுப்பி உட்கார வைக்காதீர்கள். மூன்று நாள் தாங்குவான், நான்காம் நாள் கதவைச் சாத்திக்கொள்வான். இப்போது ஒரு மணிக்கு எழுகிறான் என்றால் முதலில் பன்னிரண்டரை. இரண்டு மூன்று நாள் கழித்து பன்னிரண்டு. இப்படி அரை மணி அரை மணியாக. ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே நேரம். இதில்தான் முக்கால்வாசி வீடுகள் கோட்டை விடுகின்றன. எழுந்த அரை மணிக்குள் வெளியே வெளிச்சத்துக்கு வர வேண்டும். மொட்டை மாடி போதும், தெருமுனை டீக்கடை போதும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவால் அளப்பார்கள்; வீட்டு டியூப்லைட் 200, 300 லக்ஸ் கொடுத்தால் அதிகம். மேகமூட்டமான காலையில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். உள்கடிகாரத்தைத் திருப்பி வைக்கிற சாவி அந்த வெளிச்சம்தான்.

அதனால்தான் ஏற்காடு யோசனையை நான் கேலி செய்ய மாட்டேன். ‘இடம் மாற்றினால் சரியாகும்’ என்பதை எங்கள் ஆட்கள் சிலர் மூடநம்பிக்கை லிஸ்டில் வைப்பார்கள். அம்மா சொல்வதில் விஷயம் இருக்கிறது. தூங்குவதற்கு உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். சித்திரை மாதத்துச் சேலத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ராத்திரி 12 மணிக்கும் சுவர் அனல் விடும்போது அது எப்படி இறங்கும்? அதே நேரத்தில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் கம்பளி கேட்கும். காபித் தோட்டத்து வீடுகளில் ராத்திரி எட்டரை மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற நேரத்துக்கு எல்லோரும் வாசலில் நிற்க வேண்டும். வெளிச்சம், குளிர், வேலை, நேரம். தூக்கத்துக்கு வேண்டிய நான்கும் அங்கே சும்மா கிடைக்கின்றன.

ஆனால் அனுப்புகிற விதம் இருக்கிறதே. நான் பார்த்த ஒரு பையனை நாகலூர்ப் பக்கம் உறவினர் வீட்டில் விட்டார்கள். ‘மனசு சரியில்லாத பையன், தொந்தரவு பண்ணாதீங்க’ என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அவர்களும் தொந்தரவு பண்ணவில்லை. பின்கட்டு அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, வெளியே பனி, உள்ளே இருட்டு, 24 மணி நேரமும் படுக்கை. இருபது நாளில் இரவும் பகலும் தலைகீழாகி, அதிகம் பேசாத பையன் சுத்தமாகப் பேச்சை நிறுத்திவிட்டான். மாத்திரை தீர்ந்ததும் இறங்கி வந்து வாங்க ஆளில்லை. அங்கே போய் மாமாவோடு காலை ஏழு மணிக்கு மிளகுக் கொடி பார்க்கப் போவான் என்றால் அனுப்புங்கள். மாமா வீட்டில் அவனோடு பேசுகிற ஓர் ஆள் இருந்தால் அனுப்புங்கள். கண்ணில் படாமல் இருக்கட்டும் என்பதற்காக அனுப்பாதீர்கள். போவதற்கு முன் ஒரு முறை மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போகட்டும். ஒரு மாதத்துக்குப் பதிலாகப் பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து சேலத்து வீட்டில்தானே அவன் தூங்க வேண்டும்?

போன் விஷயத்தில் அப்பாவிடம் சமரசம் பேசுங்கள். பிடுங்கினால் சண்டை, சண்டை போட்ட ராத்திரி யாருக்கும் தூக்கம் வராது. அதைவிட முக்கியம், யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்று ஏற்கெனவே நினைக்கிற பையனிடம் போனை வாங்கிச் சோதித்தால் அவன் சந்தேகத்துக்கு நீங்களே சாட்சி ஆகிவிடுவீர்கள். 12 மணிக்கு வீட்டில் எல்லோருடைய போனும் ஹாலில் சார்ஜுக்குப் போகட்டும், அப்பாவுடையதும் சேர்த்து. பாட்டு கேட்க வேண்டும் என்றால் ஒரு சின்ன எஃப்எம் ரேடியோ போதும். டீ, காபி, அந்த டப்பா பானங்கள் மாலை நான்குக்கு மேல் வேண்டாம். காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். படுக்கையில் சாப்பாடு, படிப்பு, கேம் எதுவும் வேண்டாம். படுத்து இருபது நிமிடத்துக்கு மேல் புரண்டால் எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பட்டும். படுக்கையில் கிடந்து புரள்வது, ‘இது விழித்திருக்கிற இடம்’ என்று மூளைக்குச் சொல்லிக்கொடுப்பதாகிவிடும்.

கஞ்சா பற்றிக் கேட்டுவிடுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும். ‘தூக்கத்துக்காகத்தான் அண்ணா’ என்று ஆரம்பித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வரப்பில் நிற்கிற பிள்ளையை அந்தப் பக்கம் தள்ளிவிடக்கூடியது அது.

மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் தெரிந்தவர் மூலம் அல்பிரஸோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையைத் தூக்கத்துக்கு வாங்கிக் கொடுக்கிற பழக்கம் நம் ஊரில் சர்வசாதாரணம். வேண்டாம். சில வாரத்திலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும், நிறுத்தினால் தூக்கமின்மையும் பதற்றமும் முன்பைவிட வேகமாகத் திரும்பும். மருத்துவர் பார்த்து, குறுகிய காலத்துக்கு ஏதாவது எழுதினால் அது வேறு. இன்னொன்று: வரப்பில் நிற்கும் பிள்ளைகளுக்கு, நோய் வராமல் தடுக்க என்று மனச்சிதைவு மாத்திரையை முன்கூட்டியே கொடுக்கக்கூடாது என்பதே பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், பேச்சுவழிச் சிகிச்சைதான் முதலில் என்கிறார்கள். ஆகவே ‘டாக்டரிடம் போனால் ஆயுசுக்கும் மாத்திரை’ என்று அப்பா பயந்தால், முதல் நாளே அப்படி நடக்காது என்று சொல்லுங்கள். தைராய்டு, ரத்தசோகை, குறட்டையோடு மூச்சுத் தடை ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவார்கள்.

கோவிலுக்குக் கூட்டிப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வீட்டில் யாராவது கேட்பார்கள். குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்க வைக்கிற வழக்கம் உண்டு. போகிறவர்களை நான் தடுத்ததில்லை. விடியலில் எழுப்பி, நேரத்துக்குச் சாப்பாடு கொடுத்து, பத்துப் பேர் நடுவில் வைத்திருக்கும் இடம் தூக்கத்துக்குக் கெடுதல் செய்யாது. மருந்தை நிறுத்தச் சொல்லும் இடமும் கட்டிப் போடும் இடமும் வேண்டாம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியோடு 28 பேர் வெந்து போனார்கள். இப்போது, 2017 மனநலச் சட்டப்படி சங்கிலியில் கட்டுவது குற்றம்.

எப்போது காத்திருக்கக்கூடாது? சாவதைப் பற்றிப் பேசினால். தூக்கமின்மையே தற்கொலை எண்ணத்தைக் கூட்டும், ராத்திரி இரண்டு மணி அதற்கு மோசமான நேரம். சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டை ஒதுக்கினால். தலையணைக்குக் கீழே கத்தி, கம்பி என்று எதையாவது வைத்துக்கொண்டால். குரல் இதைச் செய் அதைச் செய் என்றால். இரண்டு நாள் தூங்காமலும் களைப்பில்லாமல் இருந்தால். அன்றைக்கே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வாருங்கள். அவசரப் பிரிவு ராத்திரியும் உண்டு. நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண் 104-ம் இருக்கிறது.

அவசரம் இல்லாத நிலையில், அவனை எப்படிச் சம்மதிக்க வைப்பது? ‘உனக்கு மனசு சரியில்லை’ என்று ஆரம்பிக்காதீர்கள். சித்தப்பா பெயரை எடுக்கவே எடுக்காதீர்கள். ‘ரொம்ப நாளா தூக்கம் இல்லாம கஷ்டப்படுறே, அதுக்குப் பார்க்கலாம்’ என்று சொல்லுங்கள். அது ஏமாற்று இல்லை. உண்மையிலேயே அதற்குத்தான் பார்க்கப் போகிறோம். மற்றதை அவனே மருத்துவரிடம் சொல்வான், நீங்கள் அறையில் இல்லாதபோது. பஸ்ஸில் சிரிக்கிறார்கள் என்று அவன் சொன்னால், ‘அப்படியெல்லாம் இல்லடா’ என்று வாதாடவும் வேண்டாம், ‘ஆமா, அவனுங்க அப்படித்தான்’ என்று ஒத்து ஊதவும் வேண்டாம். ‘அப்படித் தோணினா பஸ்ல உட்கார்ந்திருக்கவே கஷ்டமா இருக்குமே’ என்றால் போதும்.

இன்றிலிருந்து ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். படுத்தது, கண் மூடியது, எழுந்தது, பகல் தூக்கம், ஓரத்தில் ஒரு கட்டம் அவன் இஷ்டத்துக்கு. எழுத மாட்டேன் என்றால் நீங்கள் எழுதுங்கள், அவனுக்குத் தெரிந்தே. இரண்டு வாரம் போதும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். மனநலப் பிரிவு ஓபி காலையில்தான். மதியம் எழுகிற பையனைக் காலையில் சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும்; தூக்கம் கெட்டவர்களுக்கான வைத்தியத்தை அதிகாலை மனிதர்கள் சேர்ந்து திட்டமிட்டிருக்கிறார்கள். அவன் வரத் தயாராக இருந்தும் அன்று எழுப்ப முடியவில்லை என்றால் கத்தி எழுப்ப வேண்டாம். நோட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் மட்டும் வாருங்கள். முதல் நாள் அதுவே போதும்.